6,000 டாலருக்குக் கேட்கிறார்கள், பிளகினை விற்றுவிடலாமா?

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது: வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளத்தைக் கடையாக மாற்றுவது) கடைகளில் பொருள் வாங்குபவர்கள் டெலிவரி தேதியைத் தேர்ந்தெடுக்க உதவும் பிளகின், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள், ஒன்றை எழுதியிருக்கிறார். இலவசப் பதிப்பு வேர்ட்பிரஸ் தளத்தில் இருக்கிறது. 3,000-க்கும் மேற்பட்ட கடைகளில் ஓடுகிறது. கட்டணப் பதிப்பு வருடத்துக்கு 39 டாலர். முதல் வருடம் 110 பேர் வாங்கினார்கள். இந்த வருடம் 140 பேர், அதில் 46 பேர் புதுப்பித்தவர்கள். கமிஷன், சர்வர், டொமைன், திருப்பிக் கொடுத்த பணம் எல்லாம் போக 4,300 டாலர் கையில் நின்றது. பகலில் வேறு வேலை. இதற்கு வாரம் ஆறு மணி நேரம் போகிறது. இப்போது வெளிநாட்டிலிருந்து ஒருவர், "6,000 டாலர் தருகிறேன், ஒரு வாரத்தில் முடித்துக்கொள்ளலாம்" என்று மெயில் போட்டிருக்கிறார். அப்பா வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். தம்பிக்கு மனம் வரவில்லை. விற்கலாமா? விற்பதானால் எப்படி விற்பது?

தம்பி, இந்த விலைக்கு, இந்த அவசரத்தில் விற்க வேண்டாம். அதற்காக அந்த மெயிலை அழித்துவிடவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். 2017-ல் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் ஆன்லைனில் கொலுசு விற்க ஆசைப்பட்டார். வெள்ளி விலை தினமும் மாறும். நானூறு கொலுசுக்கும் தினம் காலையில் உட்கார்ந்து கையால் விலை மாற்ற யாரால் முடியும்? எடையை அன்றைய விலையால் பெருக்கி, சேதாரமும் கூலியும் சேர்த்து, 3 சதவீத ஜிஎஸ்டியும் போட்டுக் காட்டுகிற சின்ன பிளகின் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதையே கொஞ்சம் பொதுவாக்கி வெளியே விட்டதும் துபாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற நகைக்கடைகள் வாங்க ஆரம்பித்தன. ஐந்து வருடம் ஓட்டிவிட்டு 2022-ல் விற்றேன். நான் பட்ட அடிகளிலிருந்து சொல்கிறேன், அவ்வளவுதான்.

கொண்டலாம்பட்டிக்காரருக்குப் பட்டறையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வெள்ளி கடைக்காரருடையது. எடை போட்டுத் தருவார், எடை போட்டு வாங்கிக்கொள்வார். பட்டறைக்காரருக்கு வருவது கூலி. நாளைக்கு ஒருவர் பட்டறையைக் கைமாற்றி விடுகிறார் என்றால் எதற்கு விலை பேசுவார்கள்? அச்சுக்கு, மிஷினுக்கு, தொழில் தெரிந்த ஆட்களுக்கு, மாதம் தவறாமல் ஆர்டர் தருகிற நாலு கடைகளுக்கு. வெள்ளிக்கு விலை பேச மாட்டார்கள், அது அவருடையதே இல்லை.

வேர்ட்பிரஸ் பிளகினும் அப்படித்தான். வேர்ட்பிரஸ் 2003-ல் வெளிவந்ததிலிருந்தே ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. அதன் தளத்தில் பிளகினைச் சேர்க்க வேண்டுமானால் நம் கோடும் (நிரலும்) அதனோடு ஒத்துப்போகிற உரிமத்தில் இருக்க வேண்டும். அதாவது, நம்மிடம் வாங்கியவர் அதைப் பிரிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். உங்கள் கட்டணப் பதிப்பும் ஜிபிஎல்தான் என்றால், உங்களுக்கு 6,000 டாலர் தருகிறேன் என்பவர் 39 டாலருக்கு ஒரு லைசென்ஸ் வாங்கினாலே முழுக் கோடும் அவர் கைக்கு வந்துவிடும். அப்படியிருக்க, மீதி 5,961 டாலரை எதற்காகத் தருகிறார்?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். நல்ல பதிலும் இருக்கலாம்: 140 வாடிக்கையாளர்கள், தேடலில் மேலே வருகிற பக்கம், அதில் சேர்ந்திருக்கிற நல்ல விமர்சனங்கள், பெயர். கெட்ட பதில் ஒன்றும் உண்டு. வேர்ட்பிரஸ் தளத்தில் பிளகினை நிர்வகிக்கிற கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் 3,000 கடைகளுக்குள் தான் நினைத்த கோடை அப்டேட் என்ற பெயரில் அனுப்பலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2017-ல் 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற பிளகின் 15,000 டாலருக்குக் கைமாறியது. இரண்டு லட்சம் தளங்களில் இருந்த பிளகின் அது. வாங்கியவர் அடுத்தடுத்த அப்டேட்களில் பின்வாசல் வைத்து, அந்தத் தளங்களில் விளம்பரப் பக்கங்களைத் திணித்தார். அந்த வருடம் செப்டம்பரில் வேர்ட்பிரஸ் அதை அடியோடு நீக்கியது. குரோமில் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சிக்கும் அதே கதிதான். 2020-ல் விற்கப்பட்டது, 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று கூகுள் எடுத்துவிட்டது. இரண்டிலும் முதலில் எழுதியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர்கள் விற்றதில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

உண்மையாக வாங்க வருகிறவர் சலிப்பூட்டுகிற கேள்விகளாகக் கேட்பார். மாதம் எத்தனை பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், எந்த நாட்டுக்காரர்கள் அதிகம், உதவி கேட்டு எத்தனை டிக்கெட் வருகிறது, கோடில் வேறு யார் கை பட்டிருக்கிறது என்றெல்லாம். கணக்கையே பார்க்காமல் "ஒரு வாரத்தில் முடிக்கலாம்" என்பவர் என்னைப் பொறுத்தவரை சந்தேகத்துக்குரியவர்தான். நல்லவராகவும் இருக்கலாம், நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

சரி, கணக்குக்கு வருவோம். 110 பேர் 140 ஆனது வளர்ச்சி மாதிரி தெரிகிறது. பிரித்துப் பாருங்கள். 140-ல் 46 பேர் பழையவர்கள். புதிதாக வந்தவர்கள் 94 பேர்தான். போன வருடம் புதியவர்கள் 110. ஆக, புது விற்பனை குறைந்திருக்கிறது. புதுப்பித்தவர்கள் 110-க்கு 46, ஏறக்குறைய 42 சதவீதம். இதே போக்கில் அடுத்த வருடம் புதியவர்கள் 80 பேர் என்று வையுங்கள். 140-ல் 42 சதவீதம் 59. மொத்தம் 139. தேங்கிவிட்டது. வாங்க வருகிறவர் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார், அவருக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. சின்ன மென்பொருள் தொழில்களுக்கு வருட லாபத்தைப் போல இரண்டு முதல் நாலு மடங்கு வரை பேசுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 8,600-லிருந்து 17,200 வரை. 6,000 அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த 4,300-ல் உங்கள் கூலி சேரவில்லையே. வாரம் ஆறு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 300 மணி நேரம். நீங்கள் போன பிறகு அந்த வேலைக்கு ஒரு ஆளை மணிக்கு 8 டாலர் கொடுத்து வைத்தால் 2,400 டாலர் போய்விடும். மிஞ்சுவது 1,900. 6,000 என்பது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் கண்ணால் பார்த்தால் அவர் ஒன்றும் அடிமாட்டு விலைக்குக் கேட்கவில்லை.

அதே பிளகினை ஏற்கெனவே ஷிப்பிங் பிளகின் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு சிறு நிறுவனம் பார்த்தால் கணக்கே வேறு. அவர்களிடம் டிக்கெட்டுக்குப் பதில் எழுத ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். உங்கள் 300 மணி நேரம் அங்கே நூறாகச் சுருங்கும். போதாததற்கு, 3,000 கடைகளுக்கு அவர்களுடைய மற்ற பொருளையும் காட்டலாம். ஆக, உங்கள் பிளகினின் விலை இரண்டு விஷயத்தில் நிற்கிறது: நீங்கள் இல்லாமல் அது எவ்வளவு ஓடும், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார். கோடு எவ்வளவு அழகு என்பதற்குத் தனி விலை கிடையாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அதுதான் நிலைமை.

அதனால்தான் ஒரு வருடம் பொறுங்கள் என்கிறேன். சும்மா பொறுக்கச் சொல்லவில்லை. அந்த 300 மணி நேரத்தைக் குறைக்க வேண்டும், 42 சதவீதத்தை ஏற்ற வேண்டும்.

முதலில் மணி நேரம். கடைசியாக வந்த 100 டிக்கெட்டை எடுத்து, காரணத்தைப் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரியுங்கள். நான் செய்தபோது பாதிக்கு மேல் ஒரே குவியலில் விழுந்தது: "நேற்றைய விலை காட்டுகிறது." அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒருநாள் மதியத்துக்குள் வெள்ளி கிலோவுக்குப் பல ஆயிரம் ஏறிவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக் கடையின் தளம் மட்டும் காலை விலையிலேயே விற்றுக்கொண்டிருந்தது. ராத்திரி எட்டு மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். திட்டவில்லை. "தம்பி, நாங்க என்ன தர்மத்துக்கா விக்கிறோம்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

காரணம் என்னவென்றால், வேர்ட்பிரஸுக்குள் இருக்கிற அலாரம் உண்மையான கடிகாரம் இல்லை. யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது "மணி ஆகிவிட்டதா?" என்று பார்க்கும். பக்கங்களையெல்லாம் கேச்சிங் செய்து வைத்திருந்தால், வருகிறவருக்குச் சேமித்து வைத்த பக்கமே போய்விடும். உள்ளே வேர்ட்பிரஸை இயக்குகிற பிஎச்பி நிரல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அலாரமும் அடிக்காது, விலையும் மாறாது. கூட்டம் அதிகமாக வருகிற, நன்றாக கேச்சிங் செய்த தளத்தில்தான் இது மோசமாக நடக்கும் என்பது வேடிக்கை. குறித்த நேரத்தில் தானாக ஓடும் சர்வரின் சொந்த கிரான் வேலையை வைக்கச் சொன்னேன். விலை மாறினால் கேச்சிங்கைத் துடைக்கிற மாதிரி எழுதினேன். கூடையில் போடும்போது விலையை மறுபடி கணக்கிட வைத்தேன். எல்லாவற்றையும் விடப் பலன் தந்தது ஒரு சின்ன மஞ்சள் பட்டைதான்: "விலை கடைசியாக மாறியது 9 மணி நேரத்துக்கு முன்பு, உங்கள் கேச்சிங் அமைப்பைப் பாருங்கள்" என்று செட்டிங்ஸ் பக்கத்திலேயே காட்டும். டிக்கெட் பாதியாகக் குறைந்தது.

உங்கள் பிளகினில் அந்தப் பெரிய குவியல் நேர மண்டலமாக இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். வேர்ட்பிரஸ் தனக்குள் பிஎச்பியின் கடிகாரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்துக்கொள்ளும். பிஎச்பியின் சாதாரண தேதிக் கட்டளையை நம்பினால், சிட்னியில் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறவருக்கு "இன்று" என்று நேற்றைய தேதியைக் காட்டுவீர்கள். தளத்தின் நேர மண்டலத்தை மதிக்கிற தேதிக் கட்டளை 2019-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது; எல்லா இடத்திலும் அதற்கு மாறுங்கள். "மதியம் 2 மணிக்கு மேல் ஆர்டர் செய்தால் நாளை மறுநாள்" என்பது மாதிரியான கெடுக்கணக்குகளை ஒரு முறை சிட்னி, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் மூன்றிலும் வைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது, புது விற்பனை ஏன் 94-க்கு இறங்கியது என்பது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து, புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு பிளாக் முறை செக்அவுட்தான் (பணம் கட்டி ஆர்டரை முடிக்கும் பக்கம்) தானாக வருகிறது. பழைய செக்அவுட்டில் நம் கோடை மாட்டிவிட எழுதிய கொக்கிகள் (ஹுக்) அதில் வேலை செய்யாது. உங்கள் தேதிப் பெட்டி உட்காரும் இடமே செக்அவுட்தான். புதுக் கடைக்காரர் பிளகினைப் போடுகிறார், பெட்டியே தெரியவில்லை, கழற்றிவிட்டு வேறு தேடுகிறார். மெயில்கூடப் போட மாட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த 8.2-ல் ஆர்டர்களைச் சேமிக்கிற அட்டவணையும் புதுக் கடைகளுக்கு மாறிவிட்டது. தேதியைப் பழைய இடத்தில் நேரடியாக எழுதுகிற பிளகின்கள் அங்கேயும் தடுக்கி விழும். இந்த இரண்டுக்கும் உங்கள் பிளகின் தயாராக இருக்கிறதா? விவரம் தெரிந்து வாங்க வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். "இல்லை" என்றால், அதைச் சரிசெய்ய ஆகும் செலவை விலையில் கழிப்பார். சரிசெய்யும் தெம்போ நேரமோ உங்களிடம் இல்லை என்றால், அப்போது என் பதில் மாறுகிறது: இப்போதே விற்றுவிடுங்கள். பழைய செக்அவுட்டை மட்டும் நம்பும் பிளகின் ஒவ்வொரு மாதமும் ஐஸ் மாதிரி கரைந்துகொண்டிருக்கும்.

இந்த ஓட்டம் நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை இரண்டு நாள் ஏற்காடு போகலாம் என்று குடும்பத்தோடு கிளம்பினேன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பதினாலாவது வளைவில் ஃபோன் அலற ஆரம்பித்தது. அன்று காலை வந்த அப்டேட்டில் எங்கள் விலைக் கணக்கு கடை கடையாக உடைந்துகொண்டிருந்தது. மேலே போய் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, லேப்டாப்பை மடியில் வைத்து, விட்டு விட்டு வருகிற சிக்னலில் சரிசெய்தேன். மனைவியும் மகளும் படகில் போய்விட்டு வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். விற்றுவிடலாம் என்று முதன்முதலில் தோன்றியது அன்றைக்குத்தான். அப்புறம்தான், வூகாமர்ஸ் முன்கூட்டியே விடும் பீட்டா பதிப்புகளில் சோதித்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. முன்பே வந்திருக்கலாம்.

புதுப்பித்தலுக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் தானாகவே புதுப்பிக்கப்படுகிறாரா, இல்லை வருடம் முடிந்ததும் ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து பணம் கட்ட வேண்டுமா? 42 சதவீதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு அட்டைகளில் வருடாவருடம் தானாகப் பணம் எடுப்பது சுலபமில்லை. அட்டைப் பணத்தை வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் 2024-லிருந்து இங்கே அழைப்பு இருந்தால்தான் கணக்குத் தருகிறது. என் யோசனை, ஃப்ரீமியஸ் அல்லது பேடில் மாதிரி ஒரு இடத்துக்குப் போய்விடுங்கள். சட்டப்படி விற்பவர் அவர்கள்தான். நமக்குப் பணத்தை மட்டும் அனுப்புவார்கள். கமிஷன் அதிகம்தான். ஆனால் ஐரோப்பாவில் 2015-லிருந்து டிஜிட்டல் பொருளுக்கு வாங்குபவரின் நாட்டு வரியைக் கட்ட வேண்டும். ஜெர்மனிக்காரருக்கு ஒரு விகிதம், ஹங்கேரிக்காரருக்கு ஒரு விகிதம் என்று கொண்டலாம்பட்டியில் உட்கார்ந்து யார் கட்டுவது? அந்தத் தலைவலிக்கான கூலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேபாலில் சந்தா வைத்திருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தச் சந்தாக்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகராது. விற்கும்போது அது பெரிய ஓட்டை.

விலையையும் ஏற்றுங்கள். புதியவர்களுக்கு 59, பழையவர்களுக்கு அதே 39. ஒரு நாள் டெலிவரி தப்பினால் நூறு டாலர் நஷ்டப்படுகிற பூக்கடைக்காரருக்கு இருபது டாலர் பெரிதில்லை. மலிவாக வாங்குபவர்தான் அதிகம் கேள்வி கேட்பார் என்பது என் அனுபவம். அப்புறம், யார் எவ்வளவு ஆசை காட்டினாலும் "ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுக்க" என்று விற்காதீர்கள். அந்த மாதம் பை நிறையும். பிறகு விற்கப் போகும்போது, பணம் தராமல் கேள்வி மட்டும் கேட்கிற நூறு பேரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வேர்ட்பிரஸ் தளத்தில் இருக்கிற பக்கத்தை உங்கள் சொந்த வீடு என்று நினைக்காதீர்கள், அது வாடகை வீடு. 2024 அக்டோபரில், பல லட்சம் தளங்கள் நம்பியிருந்த 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' பிளகினின் பக்கத்தையே வேர்ட்பிரஸ் தளம் எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரியவர்களுக்கே நடந்தது. ஆகவே சொந்தத் தளம், சொந்த வாடிக்கையாளர் பட்டியல், அவர்கள் சம்மதித்துத் தந்த மெயில் முகவரிகள் உங்களிடம் இருக்கட்டும். வாங்குபவர் அதற்கும் விலை தருவார்.

இனி காகிதம். இதில்தான் நான் பலமாக அடிபட்டேன்.

என் பிளகினில் இறக்குமதி வசதியைக் கல்லூரி நண்பன் ஒருவன் எழுதித் தந்தான். பணம் கொடுத்தேன், பிரியாணியும் வாங்கிக் கொடுத்தேன், எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. விற்பனை முடிகிற நேரத்தில் வாங்குபவரின் வக்கீல் கேட்டார்: "இந்தப் பகுதி யாருடையது?" நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சேரும். வெளி ஆள் எழுதித் தந்தது, பணம் கொடுத்திருந்தாலும், எழுதியவருக்கே சொந்தம். அவர் கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றித் தர வேண்டும். மாற்றித் தந்தாலும் 19-வது பிரிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடத்துக்குத்தான் என்று அர்த்தம். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வெளிநாட்டுக்காரருக்கு விற்கிறவருக்கு அந்த ஒரு வரி விட்டுப்போனாலே போதும். நண்பன் பெங்களூருவில் இருந்தான். நல்லவன், வந்து கையெழுத்துப் போட்டான். நாலு வாரம் தள்ளிப்போனதில் வாங்குபவர் விலையைக் கொஞ்சம் குறைத்தார். உங்களுக்கும் யாராவது ஒரு வரியாவது எழுதித் தந்திருந்தால், உலகம் முழுவதற்கும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். ஐகான், எழுத்துரு எதையாவது எங்கிருந்தாவது எடுத்திருந்தால் அதன் உரிமத்தையும் பாருங்கள்.

வரி பற்றி ஆடிட்டரிடம்தான் பேச வேண்டும். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் வரவுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சேவைக்கு 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. பதிவு செய்திருந்தால், ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்ப வருடாவருடம் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி தரும் வரவுச் சான்றைச் சேர்த்து வையுங்கள், வாங்குபவருக்கு அதுதான் நம்பிக்கை. விற்கும்போது, நாமே உருவாக்கிய நற்பெயருக்கும் அதுபோன்ற சொத்துக்கும் வருமான வரிக் கணக்கில் அடக்க விலை சுழியம். ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்ததற்கு விலை போட்டுக் கழிக்க முடியாது. விலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். ஒத்துக்கொண்ட பிறகு அவரும் உச்சுக்கொட்டத்தான் முடியும்.

எங்கே விற்பது? ஃப்ளிப்பா, அக்வயர் டாட் காம் மாதிரி சந்தைகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாம், வேடிக்கை பார்க்கிறவர்களே அதிகம் வருவார்கள். இந்த அளவுக்குப் பெரிய தரகர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பலித்தது நேரடி மெயில்தான். நகைக்கடைகளுக்கு வேறு பிளகின் விற்கிற ஐந்து பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள், ஒருவர் வாங்கினார். நீங்கள் ஷிப்பிங், முன்பதிவு, உணவக ஆர்டர் பிளகின்காரர்களுக்கு எழுதலாம். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே பேச்சில் உங்களுக்குப் பலம். அந்த மெயிலை அழிக்க வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. பணம் முழுவதும் எஸ்க்ரோவில் (இருவருக்கும் பொதுவான மூன்றாமவர் பொறுப்பில்) வந்து நின்ற பிறகே கைமாற்றம். கொஞ்சம் தொகையை மூன்று மாதம் நிறுத்தி வைப்பதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் "விற்பனை கூடினால் மீதி தருகிறேன்" என்பதை விலையில் சேர்க்காதீர்கள்; வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவி எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்று எண்ணில் எழுதுங்கள். நான் "தேவையான அளவு" என்று எழுதிவிட்டு எட்டு மாதம் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து கட்டாயம் வரும். நம் ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவு இப்படிப்பட்ட தடைகளைச் செல்லாது என்கிறது, ஆனால் தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறது. அதனால் அது உங்களைக் கட்டுப்படுத்தலாம். "வூகாமர்ஸுக்கான டெலிவரி தேதி பிளகின், இரண்டு வருடம்" என்று குறுக்கி எழுதச் சொல்லுங்கள். "மின்வணிக மென்பொருள் எதுவும்" என்று இருந்தால் பகல் வேலைக்கே உலை வைத்துவிடும்.

கடைசியாக, கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாங்குபவரை முதலில் பிளகினின் கமிட்டராக (கோடை ஏற்றும் அனுமதி உள்ளவராக) சேர்த்து, பிறகு பிளகின் பக்கத்தின் மேம்பட்ட பார்வையிலிருந்து உரிமையை மாற்றலாம். 2024 அக்டோபரிலிருந்து கமிட்டர்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் அவரும் தன் கணக்கில் அதைப் போட்டிருந்தாக வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு உங்கள் பெயரிலேயே ஒரு மெயில் போய்ச் சேரட்டும்: யார் வாங்கியிருக்கிறார்கள், இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று.

அப்பாவிடம் என்ன சொல்வது? 6,000 டாலர் நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் கை நடுங்கும். வீட்டில் அவசரத் தேவை இருந்தால் இவ்வளவு நேரம் நான் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, ஆளை மட்டும் நன்றாக விசாரித்துவிட்டு விற்கலாம், தப்பே இல்லை. அவசரம் இல்லையென்றால் அந்த மனிதருக்கு நாலு வரி எழுதுங்கள்: இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை, நீங்கள் வேறு என்னென்ன பிளகின் நடத்துகிறீர்கள், என் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வார்கள், உங்கள் பெயரை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லலாமா? பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த 100 டிக்கெட்டையும் பிரித்துப் பாருங்கள். நேர மண்டலக் குவியல் எத்தனை என்று எனக்கும் எழுதுங்கள். அதுதான் பெரிய குவியல் இல்லையென்றால், ஐந்து ரோட்டுப் பக்கம் வாருங்கள், தட்டுவடை செட் என் செலவு.